ஆடிப்பட்டத்துக்கு எந்தப் பருத்தி?

ஆனிக் கடைசியில் அக்கா மகன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டவன். அவன் அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கர் கரிசலில் முதல்முறையாகச் சொந்தப் பொறுப்பில் விதைக்கப்போகிறான். இரண்டு ஏக்கருக்குக் கிணற்றுத் தண்ணீர் பாயும். மீதி இரண்டு வானம் பார்த்த பூமி.

"மாமா, கடைக்காரர் பி.டி. பாக்கெட்டை நீட்டுகிறார். செல்போனைத் திறந்தால் அதே விதையை விஷம் என்கிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் களைக்கொல்லி தாங்கும் விதை இருக்கிறது என்று காதோடு சொல்கிறார். நான் எதை வாங்குவது?"

"மாப்பிள்ளை, முதலில் காப்பியைக் குடி" என்றேன். அன்று மாலை அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இது பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் கணக்கு. டெல்டாவில் நெல் தரிசில் பருத்தி போடுகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது.

அவன் கைக்கு எட்டுகிற விதைகள் நான்கு. இரண்டு பி.டி. மரபணுக்கள் உள்ள வீரிய ஒட்டு ரகம் (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது) ஒன்று, கடைகளில் பி.ஜி.-2 என்று விற்பது. மரபணு மாற்றாத கோ 17 போன்ற ரகம் இரண்டாவது. மூன்றாவது கருங்கண்ணி என்னும் நம் நாட்டுப் பருத்தி. நான்காவது அந்தக் காதோடு சொல்லப்படும் விதை. 'மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா' என்று வாதத்தைத் தொடங்கினால் ஆடி முடிந்து ஆவணி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு விதையும் நம் காட்டில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று மட்டும் பார்த்தோம்.

பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச்சுருக்கம். அது உண்டாக்கும் புரதம், காரத்தன்மை மிகுந்த புழுக் குடலில் கரைந்து குடல் சுவரைத் துளைத்துவிடும். அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவைச் செடிக்குள் ஏற்றிவிட்டால் செடியே மருந்தாகிவிடுகிறது. 2002 மார்ச்சில் மூன்று வீரிய ஒட்டு ரகங்களுக்கு மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி கொடுத்தது. ஆனால் 2001லேயே குஜராத்தில் நவபாரத் 151 என்ற பெயரில் பி.டி. விதை அனுமதி இல்லாமல் காடுகளில் நின்றுகொண்டிருந்தது. பச்சைக் காய்ப்புழு சுற்றுவட்டாரத்தை மொட்டையடித்த ஆண்டில் அந்தக் காடுகள் மட்டும் தப்பி நின்றதால்தான் விஷயமே வெளியே தெரிந்தது. விதை முன்னே போகும், சட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னே வரும். அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை.

பி.டி.யைத் திட்டுகிறவர்களில் பலர் அதற்கு முந்தைய பருத்திக் காட்டைப் பார்த்ததில்லை. என் அப்பா ஒரு பட்டத்தில் பன்னிரண்டு, பதினைந்து தடவை மருந்தடித்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்களுக்குப் புழு பொறுக்கும் வேலை. தகர டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால் எண்ணிக் காசு கொடுப்பார். மருந்தை மருந்தோடு கலந்து அடித்தும் பச்சைப் புழு அசையாது. பி.டி. வந்த முதல் சில ஆண்டுகள் அந்தப் புழுவே கண்ணில் படவில்லை. பருத்தி புடவையாய்க் காய்த்தது என்பார்களே, அப்படித்தான் இருந்தது. தமிழ்நாடு உட்பட நான்கு மாநில விவசாயிகளை 2002 முதல் 2008 வரை தொடர்ந்து கணக்கெடுத்த கத்தாகே, கைம் இருவரின் ஆய்வு 2012ல் வெளியானது. ஏக்கருக்கு விளைச்சல் 24 சதவீதம் கூடியது, லாபம் 50 சதவீதம் கூடியது என்று அது சொன்னது. அந்தக் காலத்தைப் பொறுத்தவரை என் அனுபவமும் அதுதான்.

அதன் பிறகு நடந்ததுதான் வேறு. இந்தியாவில் எக்டேருக்குச் சுமார் 280 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல் 2007–08ல் 550 கிலோவைத் தாண்டியது. அண்மை ஆண்டுகளில் அது 450 கிலோவைச் சுற்றியே நிற்கிறது. நாட்டின் பருத்திக் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி.தான் என்ற நிலையிலும் இப்படி. உயர்ந்தபோது உயர்த்தியது முழுக்கப் பி.டி. அல்ல என்று 2020ல் கிராந்தி, ஸ்டோன் இருவரும் எழுதினார்கள். உரம், பாசனம், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு வந்த புது மருந்துகள் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவர்கள் கட்சி. கேசவ் கிராந்தி சாதாரண ஆள் அல்ல. நாக்பூரில் உள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர்.

இறங்கியதற்கு முக்கியக் காரணம் ஒரு புழு. கடந்த மார்கழியில் என் காட்டில் வேப்பமரத்தடிப் பாத்தியிலிருந்து இருபது பச்சைக் காய்களைப் பறித்து வந்து, இதே திண்ணையில் ஒவ்வொன்றாகக் கத்தியால் கீறினேன். வெளியே ஒரு துளையும் இல்லை. தோல் பளபளவென்று இருந்தது. மூன்றாவது காயின் சுளை ஒன்று மட்டும் மஞ்சளாகக் கறைபட்டிருந்தது. பிரித்தால், விதைக்குள் தலையை நுழைத்தபடி அரை அங்குலத்துக்கு ஓர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இருபதில் ஆறு காயில் இருந்தது. இருபதுக்கு இரண்டு என்றாலே மருந்தடிக்க வேண்டிய கட்டம். குஞ்சாக இருக்கும்போதே உள்ளே போய்விடுவதால் துளை தூர்ந்துவிடுகிறது. காய் வெடித்துக் கறைப் பஞ்சு கைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியும். அது பி.ஜி.-2 காடு. பாக்கெட்டில் இரண்டு மரபணு என்று போட்டிருந்தது உண்மைதான். புழுவுக்குத்தான் அது உறைக்கவில்லை.

குஜராத்தில் முதல் மரபணுவைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருப்பதை 2010ல் அந்த மரபணுவை உருவாக்கிய மான்சாண்டோ கம்பெனியே ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவது மரபணுவும் அதனிடம் தோற்றது. அமெரிக்காவிலோ 2018 அக்டோபரில் இதே புழுவைப் பருத்திக் காடுகளிலிருந்து முற்றாக ஒழித்துவிட்டதாக வேளாண் துறை அறிவித்தது. அங்கும் பி.டி. பருத்திதான் முக்கிய ஆயுதம். கூடவே கதிர்வீச்சால் மலடாக்கிய அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள்.

அங்கே வென்றது இங்கே ஏன் தோற்றது? இரண்டு காரணங்கள் எனக்குப் படுகின்றன. முதலாவது, அந்தச் சின்னப் பொட்டலம். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதை அப்போது தனியாக வந்தது. அதைக் காட்டைச் சுற்றி ஐந்து வரிசையாவது நட வேண்டும் என்பது அன்றைய விதி. மரபணுவுக்கு அடங்கும் புழுக்கள் அங்கே பிழைத்திருந்து, அடங்காத புழுக்களோடு கலந்தால்தான் எதிர்ப்புத்திறன் பரவாமல் இருக்கும். எங்கள் ஊரில் யாரும் நடவில்லை. நானும்தான். 'மருந்து இல்லாத விதையை நட்டு, நானே புழுவை வளர்க்கவா' என்று அன்று நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பொட்டலங்கள் மாட்டுத் தொட்டிக்குப் போயின. நட்டோமா என்று கேட்டு ஓர் அதிகாரியும் காட்டுக்கு வந்ததில்லை. நம் ஊர் ஒழுங்குமுறைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989ல் விதிகள் வந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வரும் வரை மூன்று அடுக்குக் குழுக்கள் பார்க்கின்றன. கடையைத் தாண்டிக் காட்டுக்குள் வந்தபின் பார்க்க ஆளில்லை. பிறகு அந்தப் பொட்டலத்தையே விட்டுவிட்டு, சாதா விதையைப் பாக்கெட்டிலேயே கலந்து தரும் ஏற்பாடு வந்தது.

இரண்டாவது காரணம் வீரிய ஒட்டு. அமெரிக்காவிலும் சீனாவிலும் பிரேசிலிலும் பி.டி. மரபணுவைப் பெரும்பாலும் நேர் ரகத்தில், அதாவது விதை எடுத்து விதைத்தாலும் ஒன்றுபோல் வரும் ரகத்தில், ஏற்றி விற்கிறார்கள். இங்கே ஒட்டு ரகம்தான். அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் செடிகள் ஒன்றுபோல் வராது. ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். அதில் கம்பெனிக்கு என்ன லாபம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் புழுவுக்கும் அதில் லாபம் இருக்கிறது. ஒட்டுச் செடியில் பெற்றோரில் ஒரு பக்கத்திலிருந்துதான் மரபணு வருகிறது. அதனால் அதன் காய்க்குள் இருக்கும் விதைகளில் நாலில் ஒன்றுக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்காது. பதினாறில் ஒன்றுக்கு இரண்டுமே இருக்காது. விதையைத் தின்று வளரும் புழுவுக்கு ஒரே காயில் பலமான மருந்து, பாதி மருந்து, வெறும் விதை என்று வரிசையாகப் பந்தி. எதிர்ப்புத்திறன் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஒட்டு ரகங்கள் பெரும்பாலும் ஐந்தாறு மாதம் நிற்பவை. தண்ணீர் இருந்தால் பங்குனி வரை இழுப்பவர்களும் உண்டு. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியைவிட்டால் வேறு பெரிய உணவு இல்லை. காட்டில் பருத்தி நிற்கும் வரை அதற்கு விருந்து. பிடுங்கிய காய்ந்த செடியை, அதாவது பருத்திமாரை, காட்டோரம் அடுக்கிவைத்தால் அடுத்த பட்டம் வரை இலவசத் தங்கல். இந்தப் புழுவை அடக்குவது பாக்கெட்டில் உள்ள மரபணுவைவிட, செடி எத்தனை நாள் காட்டில் நிற்கிறது என்பதுதான் என்று நான் எண்ணத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

அதனால்தான் மருமகனுக்கு முதலில் கோ 17 பற்றிச் சொன்னேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2020ல் வெளியிட்ட ரகம். 125 முதல் 135 நாளில் முடிந்துவிடும். பக்கக் கிளை ஓடாமல் குச்சிபோல் நிமிர்ந்து நிற்கும். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர், செடிக்குச் செடி பத்து சென்டிமீட்டர். ஏக்கருக்கு நாற்பதாயிரம் செடி. ஒட்டு ரகத்தை நான்கு அடிக்கு இரண்டு அடி நட்டால் ஏக்கருக்கு ஐயாயிரத்து நானூறு செடிதான் வரும். ஒரு செடியில் நூறு காய்க்காகத் தை, மாசி வரை காத்திருப்பதற்குப் பதில், பல செடிகளில் பத்துப் பத்துக் காயை ஒரே வீச்சில் எடுத்துவிட்டு வெளியேறுவது இதன் தந்திரம். புழுவின் பட்டாளம் பெருகுவதற்குள் காடு காலி.

இதில் உள்ள இடறல்களையும் மறைக்கவில்லை. இந்தச் செடியில் மருந்து கிடையாது. பச்சைக் காய்ப்புழு வந்தால் அடித்தே ஆக வேண்டும். சுற்றிலும் பி.டி. நிற்பதால் அந்தப் புழுவின் படை இப்போது குறைந்திருக்கிறது. நடுவில் சாதாப் பருத்தி போடுகிறவனும் அதில் குளிர்காய்கிறான். வட சீனாவில் இப்படிப் பக்கத்துப் பயிர்களுக்கும் நன்மை கிடைத்ததை 2008ல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லாரும் பி.டி.யைக் கைவிட்டால் இந்தக் குளிர்காய்தல் நிற்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இன்னொன்று, நெருக்கி நடுவதால் விதை கிலோக் கணக்கில் வேண்டும். வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் விரிவாக்க மையத்திலோ முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் ஆடியில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

"விதை விலையில் எவ்வளவு மிச்சமாகும்?" என்று கேட்டான். எல்லாரும் கேட்கும் கேள்வி. பி.ஜி.-2 பாக்கெட்டுக்கு மத்திய அரசு 2024ல் வைத்த உச்ச விலை 864 ரூபாய். ஏக்கருக்கு இரண்டு பாக்கெட் என்றால் 1,728 ரூபாய். அந்த ஆண்டு நீண்ட இழைப் பருத்திக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 7,521 ரூபாய். அதாவது விதைக்குக் கொடுப்பது 23 கிலோப் பருத்தியின் விலை. 2006ல் ஆந்திர அரசு வழக்குப் போட்டு விலையை இறக்குவதற்கு முன், பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றபோது விதை விலை கழுத்தை நெரித்தது. இன்று நெரிப்பது களையெடுப்பும், பருத்தி எடுப்புக் கூலியும், மருந்தும். பி.டி. புழுவுக்கு மட்டும்தான். தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எதற்கும் அது பேசாது. 2017ல் எங்கள் பெரம்பலூரிலும் மகாராஷ்டிரத்து யவத்மாலிலும் மருந்தடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள், சிலர் செத்தே போனார்கள். அவர்கள் மருந்தடித்தது பி.டி. காட்டில்தான். தலைக்கு மேல் வளர்ந்த செடிக்கு நடுவே நின்று, கைக்குழாயை மேலே தூக்கி அடித்தால் மருந்து முகத்தில்தான் இறங்கும். கோ 17ல் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் அதன் குட்டை உயரம்.

கருங்கண்ணி பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கோவில்பட்டிக் கரிசலின் பருத்தி. வறட்சிக்கும் சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் அசராது. விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். காய் சின்னது, எடுப்புக் கூலி ஏறும், இழை குட்டை, சாதா மில்காரர் விலையைக் குறைப்பார். இயற்கைப் பருத்தி வாங்கும் கைத்தறிக்காரர்களிடம் முன்பே பேசி வைத்திருப்பவர்கள் போடலாம். பேசி வைக்காமல் போட்டால் அது பாட்டன் சொத்தின் மேல் உள்ள பாசம் மட்டுமே.

இனி அந்த நான்காவது விதை. கிளைபோசேட் களைக்கொல்லியை அடித்தாலும் சாகாத பருத்தி. களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் இது எவ்வளவு பெரிய ஆசை என்பது எனக்குத் தெரியும். இதற்கு அனுமதி கேட்டுப் போட்டிருந்த விண்ணப்பத்தைக் கம்பெனி 2016ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அனுமதி இல்லை, ஆனால் விதை இருக்கிறது. 2019ல் மகாராஷ்டிரத்து அகோலாவில் விவசாயிகள் பகிரங்கமாகவே விதைத்து, கைது செய்யுங்கள் என்று நின்றார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் 'ஆம்' என்றும் சொல்லாமல் 'இல்லை' என்றும் சொல்லாமல் கோப்பை வைத்திருக்கும் அரசுக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது? ஆனாலும் மருமகனிடம் வேண்டவே வேண்டாம் என்றேன்.

இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இப்படி ஒன்றை வாங்கினார். வெள்ளைப் பொட்டலம், பெயர் இல்லை, ரசீது இல்லை. முளைத்ததில் பாதி களைக்கொல்லிக்குக் கருகியது. கடைக்காரரிடம் போனார், 'நான் விற்றதற்கு என்ன அத்தாட்சி' என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டார். ரசீதோடு வாங்கிய விதை பொய்த்தால் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012ல் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். திருட்டு விதைக்கு அந்தக் கதவு இல்லை. அதோடு, ஊடுபயிரான உளுந்து, வரப்போரத் துவரை, ஆமணக்கு எல்லாம் அதே மருந்தில் கருகும். அந்த மருந்தையும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது.

உடம்புக்குக் கெடுதியா என்பதையும் அவன் விடவில்லை. மதுரைக்குப் போனால் பருத்திப்பால் குடிக்காமல் வரமாட்டான். "நீ குடிப்பதே அநேகமாகப் பி.டி. கொட்டைதான் மாப்பிள்ளை, நாட்டில் வேறு கொட்டை எங்கே மிஞ்சியிருக்கிறது?" என்றேன். திகைத்துவிட்டான். பி.டி. கொட்டையும் அதன் புண்ணாக்கும் இருபது ஆண்டுகளாக மாட்டுத் தொட்டியில் இருக்கின்றன, அதன் எண்ணெய் வாணலியில் இருக்கிறது. புழுக் குடலில் அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் பிடி மனிதக் குடலில் இல்லை. நம் வயிற்று அமிலம் அதை மற்றப் புரதங்களைப் போலவே சிதைத்துவிடும். இதில் எனக்குப் பயம் இல்லை. ஆனால் பருத்தியை எண்ணெய் வழியாக அடுக்களைக்குள் விட்டுவிட்டு, பி.டி. கத்திரிக்காய்க்கு மட்டும் 2010 பிப்ரவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் தடை போட்டதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் பி.டி. கத்திரியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கிள்ளிகுளம், பாலூர், மதுரை ரகங்களும் இருந்தன. தடைக்கு முன் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. வங்கதேசமோ 2013ல் அதே கத்திரிக்கு அனுமதி கொடுத்துவிட்டது.

என் யோசனையைக் கடைசியில் சொன்னேன். பலர் தலைகீழாகச் செய்வார்கள். கிணற்றுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கரில் கோ 17. தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒட்டு ரகத்தைப் போட்டால் 'இன்னும் ஓர் எடுப்பு, இன்னும் ஓர் எடுப்பு' என்று மனம் பங்குனி வரை இழுக்கும். புழுவும் கூடவே இழுக்கும். 135 நாளில் முடிந்தால் அதே தண்ணீரில் எள்ளோ உளுந்தோ எடுக்கலாம். மானாவாரி இரண்டு ஏக்கரில் பி.ஜி.-2லேயே வயது குறைந்த ஒன்றைப் போட்டு ஊடே உளுந்து. அங்கே ஈரம் வற்றினால் செடி தானே முடிந்துவிடும். நாள்தோறும் புழு பார்க்கக் கை பழகாதவனுக்குப் பச்சைக் காய்ப்புழுவிலிருந்தாவது ஒரு காப்பு இருக்கும்.

அவன் முழுக்கக் கேட்கவில்லை. ஒரு ஏக்கர் கோ 17, மூன்று ஏக்கர் பி.ஜி.-2 என்று முடிவு செய்து, வேப்பந்தட்டைக்குப் போய் விதைக்குப் பதிந்துவிட்டு வந்தான். முதல் ஆண்டுக்காரனிடம் அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவில்லை. ரசீதை விதைப் பையோடு சேர்த்துப் பீரோவில் வைக்கச் சொன்னேன். நாற்பத்தைந்தாம் நாள் இனக்கவர்ச்சிப் பொறியைக் கட்டி, ஓர் இரவுக்கு எட்டு அந்து வீதம் மூன்று இரவு தொடர்ந்து விழுந்தால் என்னைக் கூப்பிடச் சொன்னேன். காய் பிடித்ததும் இருபது காயைப் பறித்துக்கொண்டு இதே திண்ணைக்கு வருவான். கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். மற்றபடி, தை பிறந்ததும் மாரைப் பிடுங்குகிறானா, இன்னோர் எடுப்புக்கு ஆசைப்படுகிறானா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.